அந்த மனுவில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை

வடக்கு வர்ஜீனியா தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு ஏ.பி. (கல்லூரித் தரத்திலான) ஆங்கிலப் பாடத்திலிருந்து, அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசன் அடிமைமுறையைப் பற்றி எழுதிய ‘பிலவட்’ நாவலை எடுக்கச் சொல்லி ஒரு மனு நம் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. கூடவே பாலியல் வெளிப்படையாக வரும் சில பக்கங்களையும் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். படிக்கக் கூசத்தான் செய்கிறது. நானும் பதினேழு வயதுப் பெண்ணுக்குத் தாய், உங்கள் பதற்றம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.

இந்தச் சண்டை நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. 2013-லேயே ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டியில் இதே நாவலை எதிர்த்து ஒரு தாய் முறையிட்டார். பள்ளி வாரியம் ஏற்கவில்லை. விஷயம் தலைநகர் ரிச்மண்டில் உள்ள மாநிலச் சட்டமன்றம்வரை போனது. இப்படிப்பட்ட பாடங்களைப் பெற்றோருக்குத் தெரிவிக்கச் சொல்லி 2016-லும் 2017-லும் நிறைவேறிய மசோதாக்களை அப்போதைய ஆளுநர் மெக்காலிஃப் நிராகரித்தார். கடைசியில் 2022-ல் சட்டம் வந்தேவிட்டது. பாலியல் வெளிப்படையாக வரும் பாடத்தைப் பள்ளி பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும், வேண்டாம் என்று கேட்கும் பெற்றோரின் பிள்ளைக்கு மாற்றுப் பாடம் தர வேண்டும். புத்தகங்களைத் தணிக்கை செய்யச் சொல்வதாக இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது என்றும் அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

ஆக, உங்கள் பிள்ளை படிக்க வேண்டாம் என்று நினைத்தால் பள்ளிக்கு எழுதிக் கேட்டாலே போதும். அது உங்கள் உரிமை, அதில் யாரும் தலையிட வேண்டியதில்லை. மனு அதோடு நிற்கவில்லையே. என் மகளும் படிக்கக் கூடாது என்கிறது.

குழுவில் வராத ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். அடிமைகள் வேலை செய்யும் பண்ணையை நடத்த வந்தவன், ஸ்கூல்டீச்சர் என்றே அவனுக்குப் பெயர், தன் மாணவர்களை உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறான். நாவலின் நாயகியான சேத்தே என்ற அடிமைப் பெண்ணின் மனித குணங்களை இடப்பக்கமும் விலங்கு குணங்களை வலப்பக்கமும் எழுதச் சொல்கிறான். அதை அவள் காதால் கேட்டுவிடுகிறாள். அவன் எழுதும் மைகூட அவள் தயாரித்துக் கொடுத்ததுதான். பின்னால் அதே பையன்கள் அவளைப் பிடித்து வைத்து, கைக்குழந்தைக்காகச் சுரந்த பாலை உறிஞ்சுகிறார்கள். அடிமைமுறை அந்தப் பெண்களின் உடம்பில்தான் நடந்தது. உடம்பைப் பற்றிப் பேசாமல் அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கதையின் விதையும் கற்பனையல்ல. 1856 ஜனவரியில், உறைந்து கிடந்த ஒஹாயோ ஆற்றைக் கடந்து கென்டக்கியிலிருந்து தப்பினார் மார்கரெட் கார்னர். பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்ததும், மீண்டும் அடிமையாகப் போவதைவிடச் சாவதே மேல் என்று தன் சின்ன மகளைக் கொன்றார். அந்த வகுப்பில் நம் பிள்ளைகளோடு கறுப்பினப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். இது அவர்கள் முன்னோரின் கதை. வந்து குடியேறிய நாம், அதைப் பாடத்திலிருந்து எடுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

நம் ஊர்ப் பள்ளிகளில் நாமும்தான் சிலப்பதிகாரம் படித்தோம். கோவலன் மாதவி வீட்டுக்குப் போனதையும், கண்ணகி தன் மார்பைத் திருகி எறிந்ததையும் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களை யாரும் குறை சொல்லவில்லை. கதையைக் கடைசிவரை சொன்னார்கள், அதனால் கண்ணகியின் கோபம் நமக்குப் புரிந்தது.

பள்ளி வாரியக் கூட்டத்துக்கு முன்னால் நாவலை ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள். கடினமான நடைதான், நேரம் எடுக்கும். என் பிரதியைத் தருகிறேன். படித்த பிறகும் உங்கள் பிள்ளைக்கு வேண்டாம் என்று தோன்றினால், சரி, மாற்றுப் பாடம் கேட்கும் கடிதத்தை எழுத நானே உதவுகிறேன். மனுவில் ‘பாடத்திட்டத்திலிருந்து நீக்க வேண்டும்’ என்று இருக்கும் வரியை எடுத்துவிட்டு, ‘பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்’ என்று மாற்றுங்கள். அப்புறம் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒரு தாய்