முறத்தில் குதித்த பிள்ளைகள்: புகைப்படப் போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள போட்டிக் குழுவினருக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம். பெங்களூருத் தமிழர்களுக்காக இணையத்தில் நீங்கள் நடத்திய புகைப்படப் போட்டிக்கு ‘கோணமும் அளவும்’ என்று தலைப்பு வைத்திருந்தீர்கள். பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். சூரியன் மறைவது, பூ, பறவை என்றே போய்க்கொண்டிருக்கும் போட்டிகளுக்கு நடுவில், சிறியதைப் பெரியதாகவும் பெரியதைச் சிறியதாகவும் காட்டச் சொன்னது நல்ல யோசனை. அல்சூரில் ஞாயிறுதோறும் என்னிடம் படம் எடுக்கக் கற்றுக்கொள்ளும் பதினோரு பிள்ளைகளும் அன்றைக்கே ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிட்டார்கள்.

அவர்களில் ஒருத்தி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவள் அனுப்பிய படத்தை முதல் சுற்றிலேயே நீக்கிவிட்டீர்கள். பதிலில் மூன்று காரணங்கள் இருந்தன. கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒரே மாதிரித் தெளிவாக இருக்கின்றன. குதிக்கும் பிள்ளைகளின் நிழல் முறத்தில் விழவில்லை. ஃபைலில் கேமரா விவரங்கள் இல்லை. ஆகவே இது வெவ்வேறு படங்களைக் கணினியில் ஒட்டிச் செய்த ஒட்டுப்படம் என்று முடித்திருந்தீர்கள்.

அது ஒட்டுப்படம் இல்லை. அவள் அதை எடுத்தபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பரிசு கேட்டு இதை எழுதவில்லை, முடிவு வந்து பரிசும் கொடுத்தாகிவிட்டது. ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளையை, ஒரு வார்த்தை கேட்காமல், பொய் சொன்னவளாக ஆக்கிவிட்டீர்கள். அதைச் சரிசெய்ய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

படத்தை நீங்கள் மறந்திருக்கலாம். ஒரு பாட்டி சம்மணம் போட்டு உட்கார்ந்து முறத்தில் புடைக்கிறார். முறத்திலிருந்து அரிசி எழும்புவதற்குப் பதிலாக, விரல் உயரத்தில் மூன்று பிள்ளைகள் கைகால் விரித்துத் துள்ளுகிறார்கள். பாட்டியின் வாய் புடைக்கும்போது குவியுமே, அப்படிக் குவிந்திருக்கிறது. அவ்வளவுதான் படம்.

எடுத்த இடம் பெங்களூரு லால்பாக் பூங்காவில் இருக்கும் பாறை. 300 கோடி ஆண்டு பழமையானது என்று சொல்வார்களே, கெம்பேகௌடர் கோபுரம் நிற்கும் அந்தப் பாறைதான். எல்லாரும் அந்தக் கோபுரத்தை விரலால் கிள்ளுவது போலவோ உள்ளங்கையில் ஏந்துவது போலவோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்குவது போல எடுத்துக்கொள்ளாத தமிழ்க் குடும்பம் உண்டா? இவளுக்கு அது வேண்டாம் என்று தோன்றியிருக்கிறது. வீட்டில் பாட்டி புடைக்கும்போது தவிடு மேலே எழும்பி நிற்கும் அந்த ஒரு நொடியைச் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாளாம். அந்தத் தவிட்டுக்குப் பதிலாக ஆட்களை வைத்தால் என்ன என்று அவளுக்கே தோன்றியதுதான். நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

முறம், வெந்தயமும் காகிதமும் அரைத்துப் பூசிய பழைய மூங்கில் முறம். அதை மடியில் வைத்துக்கொண்டு பாட்டி ஆட்டோவில் வந்தார். பாறையில் பாட்டியை உட்காரவைத்து, ஒன்றரை மீட்டர் தள்ளி இவள் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றிக் கேமராவைப் பிடித்தாள். தம்பியும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் பாறை மேடேறி வானத்தைத் தொடும் விளிம்புக்குப் போனார்கள். எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை வீட்டிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். தம்பியின் உயரம் 130 சென்டிமீட்டர். முறத்தின்மேல் அவன் 10 சென்டிமீட்டர் உயரமாகத் தெரிய வேண்டும். அப்படியென்றால் 13-ல் ஒரு பங்கு. முறம் ஒன்றரை மீட்டரில் இருந்தால் தம்பி அதைப் போல் 13 மடங்கு தூரத்தில், கிட்டத்தட்ட 20 மீட்டரில் இருக்க வேண்டும். நோட்டில் அவள் போட்டு வைத்திருந்த படத்தை நான் பார்த்தேன். இரண்டு முக்கோணம், ஒரு புள்ளி. கணக்குப் புத்தகத்தில் வரும் வடிவொத்த முக்கோணம்தான்.

கணக்கு சரியாக வந்தாலும் படம் உடனே வந்துவிடவில்லை. மொத்தம் 41 முறை எடுத்தாள். கேமரா கொஞ்சம் உயர்ந்தால் பிள்ளைகளின் காலடியில் பாறை தெரிந்துவிடும். தாழ்ந்தால் முறத்தின் விளிம்பு முட்டிக்கால்வரை மறைத்துவிடும். நான்கு விரற்கடை இடப்பக்கம் நகர்ந்தால் தம்பி முறத்தை விட்டு இறங்கிப் பாட்டியின் முழங்கைமேல் நிற்கிறான். 17-ஆவது படத்தில் அப்படித்தான் நிற்கிறான். 23-ல் நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் குறுக்கே போகிறார். நடுவில் ஒரு கன்னடத்து அம்மா நின்று பார்த்துவிட்டு, கேமராவின் பின்பக்கத் திரையைக் காட்டச் சொல்லி, “தும்பா சென்னாகிதே” (ரொம்ப நன்றாக இருக்கிறது) என்று அவள் தலையைத் தடவிவிட்டுப் போனார். பாட்டிக்குக் கை கடுத்துப்போய், “இன்னும் எத்தன தடவடி புடைக்கிறது, வெறும் முறத்த?” என்றார். 38-ஆவது படத்தில் மூன்று பிள்ளைகளும் ஒரே சமயத்தில் காற்றில் இருந்தார்கள். அதைத்தான் உங்களுக்கு அனுப்பினாள்.

இனி உங்கள் காரணங்களுக்கு வருகிறேன்.

கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒரே தெளிவாக இருப்பது இந்த வகைப் படத்துக்கு முதல் தேவை. ஒன்று மங்கினாலே கண் தூரத்தைக் கண்டுபிடித்துவிடும், வித்தை கலைந்துவிடும். அதனால்தான் லென்ஸின் துளையைச் சுருக்குகிறோம். அவள் கையில் இருந்தது என்னுடைய பழைய கேமரா, அதோடு வந்த சாதாரண 18–55 லென்ஸ். 24 மில்லிமீட்டரில், துளையை எஃப் 16 என்ற சிறிய அளவில் வைத்து, இரண்டு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், அந்தக் கேமராவில் ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை எல்லாம் தெளிவாகவே விழும். பிள்ளைகளுக்கு நான் இரண்டாவது வாரமே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. கைபேசியில் வெளிச்சத்தைப் பதியும் சென்சார் சின்னது என்பதால் இந்த ஆழம் இன்னும் சுலபமாகக் கிடைக்கிறது. இந்தத் தலைப்பில் தெளிவைக் குற்றமாக எடுத்துக்கொண்டால், நன்றாக எடுத்தவர்கள்தான் முதலில் வெளியே போவார்கள்.

நிழல் விஷயம் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. பிள்ளைகள் முறத்தில் இல்லை. முறத்துக்குப் பதினெட்டு மீட்டருக்கும் அப்பால் இருக்கிறார்கள். அவர்கள் நிழல் அங்கே பாறையில் விழுந்திருக்கிறது, முறத்தின் விளிம்பு அதை மறைத்துவிட்டது. முறத்தின்மேல் நிழல் இருந்திருந்தால்தான் அது கணினியில் வரைந்தது என்று அர்த்தம். நீங்கள் பார்த்திருக்க வேண்டியது வேறொன்று. வெயில் பாட்டியின் இடக் கன்னத்தில் விழுகிறது, பிள்ளைகளின் உடம்பிலும் அதே பக்கம்தான் விழுகிறது. துளையைச் சுருக்கிவிட்டு, குதிப்பதை உறையவைக்க 800-ல் ஒரு பங்கு நொடியில் எடுத்ததால், கேமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐ.எஸ்.ஓ.வை 1600-க்கு ஏற்ற வேண்டியிருந்தது. அதனால் படம் முழுக்க மணல் தூவியது போல் ஒரு குருணை இருக்கிறது. பாட்டியின் சேலையிலும், தம்பியின் சட்டையிலும், பின்னால் வானத்திலும் அதே குருணைதான். இரண்டு படத்தை ஒட்டியிருந்தால் இவ்வளவு ஒத்துப்போவது கஷ்டம்.

கேமரா விவரம் இல்லை என்பது உண்மைதான். உங்கள் பதிவேற்றப் பக்கம் 2 எம்பிக்கு மேல் வாங்கவில்லை. அவள் கைபேசியில் ஒரு செயலியை வைத்து ஃபைலைச் சுருக்கினாள், அது விவரங்களையும் சேர்த்து அழித்துவிட்டது. சுருக்கித்தான் அனுப்ப வேண்டும் என்று விதி வைத்துவிட்டு, சுருக்கியதால் போனதைக் குற்றமாகச் சொல்வது நியாயமா? ஒரிஜினலைக் கேட்டிருந்தால் அன்று மாலையே வந்திருக்கும்.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. 2023-இல் சோனி உலகப் புகைப்பட விருதில் ஒரு பிரிவில் வென்ற போரிஸ் எல்டாக்சன், அது செயற்கை நுண்ணறிவில் உருவாக்கியது என்று தானே சொல்லிப் பரிசை மறுத்தார். அதற்கப்புறம் எந்த நடுவருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் அதே ஆண்டு சிட்னியில் ஓர் அம்மா தன் மகனைக் கைபேசியில் எடுத்த நிஜப் படத்தை, செயற்கை என்று சந்தேகப்பட்டுப் போட்டியிலிருந்து விலக்கினார்கள். 2024-இல் மைல்ஸ் ஆஸ்ட்ரே என்பவர், வயிற்றைச் சொறியத் தலையை மடக்கிய ஒரு பூநாரையின் நிஜப் படத்தைச் செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கே அனுப்ப, அது நடுவர்களிடம் மூன்றாம் இடமும் மக்கள் வாக்கில் பரிசும் வாங்கியது. அவர் உண்மையைச் சொன்ன பிறகுதான் நீக்கினார்கள். தலையில்லாத பறவை போல் அது தெரிந்ததற்குக் காரணம் நின்ற இடமும் அழுத்திய நொடியும்தான். தேர்ந்த கண்களும் இரண்டு பக்கமும் தவறுகின்றன. வெறும் பார்வையில் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று ஆகிவிட்டபோது, கேட்டுத் தெரிந்துகொள்வதுதானே வழி? வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டியில் கடைசிச் சுற்றுகளுக்கு வருகிறவர்களிடம் கேமராவிலிருந்து வந்த ஃபைலை அப்படியே கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். நம் போட்டி சின்னது, அதனால் நமக்கு இன்னும் சுலபம்.

‘கோணமும் அளவும்’ மாதிரித் தலைப்பில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்றத் தலைப்புகளில் படம் நிஜம் போல் இருந்தால் நம்புகிறோம். இதில் நல்ல படம் என்றாலே நம்ப முடியாதது போல்தான் இருக்கும். இங்கே திறமை காலில் இருக்கிறது. லென்ஸை மாற்றினால் படத்துக்குள் எவ்வளவு அடங்கும் என்பது மாறும், அவ்வளவுதான். எது எதைவிடப் பெரியதாகத் தெரியும் என்பது நிற்கும் இடம் மாறினால்தான் மாறும். என் வகுப்பில் இன்னொரு பையன், அல்சூர் சோமேஸ்வரர் கோயில் கோபுரக் கலசத்தின்மேல் முழுநிலா உட்கார்ந்திருப்பது போல எடுக்க மூன்று மாதமாக அலைகிறான். நிலா அதன் விட்டத்தைப் போல் சுமார் 110 மடங்கு தூரத்தில் இருக்கிறது. ஆகவே ஒரு மீட்டர் உயரக் கலசம் நிலா அளவுக்குத் தெரிய வேண்டுமானால் 110 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு மாடி இருக்க வேண்டும், அந்த வீட்டுக்காரர் ஏறவிட வேண்டும், அன்று மேகம் இருக்கக் கூடாது. கணினியில் நிலாவைப் பெரிதாக்கி ஒட்ட இரண்டு நிமிடம் போதும். அப்படிச் செய்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அதுவும் ஒரு வேலைதான். அதற்குத் தனிப் பிரிவு வையுங்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் இந்தப் பையன் எதற்காக மாடி மாடியாக ஏற வேண்டும்?

அடுத்த முறை படத்தோடு இன்னொரு படத்தையும் கேளுங்கள். எடுத்தவர் எங்கே படுத்திருந்தார், எதிரில் இருந்தவர் எவ்வளவு தூரத்தில் நின்றார் என்று பக்கத்திலிருந்து இன்னொருவர் எடுத்த சாதாரணப் படம் போதும். அதையும் பரிசுப் படத்துக்குப் பக்கத்திலேயே வெளியிடுங்கள். பார்க்கிற பிள்ளைகளுக்கு அதுவே பாடமாகிவிடும், என் போன்றவர்களின் வேலையும் பாதி முடிந்துவிடும். தேர்வாகும் படங்களுக்கு மட்டும் ஒரிஜினல் ஃபைலையும், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த நான்கைந்து படங்களையும் வாங்குங்கள். ஒரு படத்தைப் பொய்யாகச் செய்யலாம். பாட்டியின் முழங்கையில் தம்பி நிற்கும் படத்தையும், குறுக்கே ஒருவர் நடந்துபோகும் படத்தையும் யாரும் மெனக்கெட்டுப் பொய்யாகச் செய்யமாட்டார்கள். வெளிச்சத்தைக் கூட்டுவது, ஓரம் வெட்டுவது எல்லாம் சரி, எதைச் செய்யக் கூடாது என்பதை விதிகளில் தமிழில் தெளிவாக எழுதுங்கள். இப்போது அங்கே ‘எடிட் கூடாது’ என்று மட்டும்தான் இருக்கிறது.

யாரையும் நீக்குவதற்கு முன்னால் ஒரு முறை கேளுங்கள். இதை மட்டுமாவது செய்யுங்கள்.

உங்கள் பதில் வந்த அன்று அவள் என்னிடம் அழவில்லை. கேமராவைத் துடைத்துப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள், அடுத்த இரண்டு ஞாயிறும் வகுப்புக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பாட்டிதான் பேசினார். “நான் அங்க உக்காந்தது பொய்யாப்பா? இந்தக் கை வலிச்சது பொய்யா?” என்று கையை நீட்டிக் காட்டினார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில் உங்களிடம் இருக்கிறது. அவள் பெயருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அது நிஜப் படம்தான் என்று. இரண்டு வரி போதும். 41 படங்களும், கேமரா பதிந்த அசல் ரா ஃபைல்களோடு, ஒரு பென் டிரைவில் என்னிடம் இருக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் தருகிறேன். ஃபைலைப் பார்த்தும் சந்தேகம் தீராவிட்டால் ஒரு ஞாயிறு காலை லால்பாக் பாறைக்கு வாருங்கள். அதே இடத்தில் நீங்களே குப்புறப் படுத்துப் பார்க்கலாம். பாட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார், முறத்தையும் எடுத்துக்கொண்டு.

அன்புடன்,
அல்சூரிலிருந்து ஒரு புகைப்பட ஆசிரியர்