ரப்பர் குழாய் அறுந்து முகத்தில் காயம்: பயிற்சிக் கருவி நிறுவனத்துக்கு ஒரு புகார்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வீட்டு உடற்பயிற்சிக் கருவிகள் விற்பனைப் பிரிவு.

நாள்: 16.06.2025

பொருள்: 11.03.2025 அன்று வாங்கிய இரண்டு பயிற்சித் தொகுப்புகளில் ஒன்றின் ரப்பர் குழாய் 09.05.2025 அன்று அறுந்து ஒரு பெண்ணுக்குக் காயம் ஏற்பட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு மூன்று முறை போன் செய்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் எடுத்தார். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லவேண்டி வந்தது. கடைசியில் "தவறான பயன்பாட்டால் ஏற்பட்ட சேதம்" என்று ஒரு வரி பதில் வந்தது. கூடவே, அடுத்து வாங்கும் பொருளுக்கு 15 சதவீதத் தள்ளுபடி என்று ஒரு கூப்பன். அந்தக் கூப்பன் எனக்கு வேண்டாம். நடந்தது என்ன என்று உங்களில் ஒருவராவது முழுவதும் படிக்கவேண்டும் என்றுதான் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நான் 29 வருஷம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். காலையில் பீடித்தட்டை மடியில் வைத்து உட்காரும் பெண், கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டிய எண்ணிக்கை முடியும்வரை எழுந்திருப்பதில்லை. கழுத்து குனிந்தே இருக்கும். தோள் இரண்டும் முன்னால் வளைந்துவிடும். நாற்பது வயதிலேயே தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாத பெண்களை என் தெருவிலேயே பார்த்தேன். மருந்துக்கடையில் வலிமாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மறுபடியும் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். இதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஆறு பேரைச் சேர்த்து, எங்கள் வீட்டுப் பட்டாசலில் திங்களும் வெள்ளியும் காலை ஐந்தரை மணிக்குப் பயிற்சி ஆரம்பித்தேன். ஆறு பேர் பதினொரு பேர் ஆனார்கள். பெரியவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் வலுப் பயிற்சி கொடுக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. அந்த இரண்டு நாளைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

கருவி என்று எதுவுமே கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவதில் தொடங்கினோம். தண்டாலை முதலில் சுவரில் கை வைத்துச் செய்யவைத்தேன், அப்புறம் திண்ணை விளிம்பில், அப்புறம் தரையில் முட்டி போட்டு. முழுத் தண்டாலில் கைகள் உடம்பு எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் தாங்குகின்றன. முட்டி ஊன்றினால் அது பாதி அளவுக்கு இறங்கும், சுவரில் இன்னும் குறையும். சாய்வை மாற்றினாலே பாரம் கூடும், குறையும். ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைக் கைக்கு ஒன்றாகத் தூக்கி முற்றத்தைச் சுற்றி நடக்கவைத்தேன். பத்து கிலோ ஆயிற்று, செலவு ஒன்றும் இல்லை. ஏழு மாதத்தில், பேருந்துப் படியில் ஏறப் பயந்த ஒரு அக்கா பாபநாசம் கோயிலுக்குப் போய் ஆற்றுப் படித்துறையில் யார் கையையும் பிடிக்காமல் இறங்கி ஏறினார். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் பெரிய சந்தோஷம்.

ஆனால் ஒரு குறை இருந்தது. தள்ளுவதற்குச் சுவரும் தரையும் போதும். உட்கார்ந்து எழ நாற்காலி போதும். இழுப்பதற்கு மட்டும் எதையாவது பிடித்தாகவேண்டும். முன்னால் வளைந்த தோளைப் பின்னுக்குக் கொண்டுவருவது இழுக்கும் பயிற்சிதான். பீடி சுற்றும் பெண்ணுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் தேவை. எங்கள் அம்மா காலத்தில் கிணற்றில் வாளி போட்டு இறைத்தார்கள், தினமும் முதுகுக்கு வேலை இருந்தது. மோட்டார் வந்தபிறகு அந்த வேலை போய்விட்டது.

இந்தச் சமயத்தில்தான் உங்கள் விளம்பரத்தைப் பார்த்தேன். கதவில் மாட்டித் தொங்கி இழுக்கும் பட்டை இரண்டு, ஐந்து நிறத்தில் ரப்பர் குழாய், கைப்பிடி, கதவில் செருகும் கொக்கி. "எந்த வீட்டிலும், எந்தக் கதவிலும், எல்லா வயதினருக்கும்" என்று போட்டிருந்தீர்கள். ஒரு தொகுப்பு 2,849 ரூபாய். பெண்கள் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டார்கள், மீதியை என் பென்ஷனிலிருந்து போட்டு இரண்டு தொகுப்பு வாங்கினேன். அந்த நூறு ரூபாய் அவர்களுக்குச் சின்னப் பணம் இல்லை.

வந்த அன்றைக்கே ஒரு குறை தெரிந்தது. கதவுக் கொக்கியைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் செருகிக் கதவைச் சாத்தவேண்டும் என்று படம் இருக்கிறது. எந்தப் பக்கம் நின்று இழுக்கவேண்டும் என்று படத்திலும் இல்லை, கீழே இருக்கும் ஆங்கில எழுத்திலும் இல்லை. கதவு நம்மைப் பார்த்துத் திறக்கும் பக்கம் நின்று இழுத்தால், உடம்பின் பாரம் முழுவதும் தாழ்ப்பாளின் மேல் விழும். மறுபக்கம் நின்று இழுத்தால் கதவு நிலையோடு இறுகும், பயமில்லை. எங்கள் பக்கத்து வீடுகளில் உள் அறைக் கதவு பலகை ஒட்டிய இலேசான கதவு, தாழ்ப்பாள் சின்னத் திருகாணியில் நிற்பது. நான் தனியாகச் சோதித்தபோதே திருகாணி இரண்டும் பிடுங்கிக்கொண்டு வந்தன. பள்ளியில் கயிறும் கம்பமும் பார்த்த பழக்கத்தால் விழாமல் சமாளித்தேன். அப்புறம் பட்டையைக் கதவில் மாட்டுவதையே விட்டுவிட்டோம். அதுவும் தெரியாத ஒருவர், வீட்டில் தனியாக இருக்கும் ஒருவர், பின்மண்டை தரையில் அடிபட விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதைத் தமிழில் இரண்டு வரி அச்சிட உங்களுக்கு என்ன செலவாகிவிடும்?

ரப்பர் குழாய்களில் பவுண்டுக் கணக்கில் எண் போட்டிருக்கிறீர்கள். சிவப்புக் குழாயில் 30 பவுண்டு, அதாவது 13.6 கிலோ. ரப்பர் நீள நீளத்தான் இழுவை கூடும். எவ்வளவு நீட்டினால் இந்த 30 என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. பழைய இரும்புக் கடைக்காரரிடம் கொக்கித் தராசு இரவல் வாங்கி அளந்தேன். இரண்டு மடங்கு நீட்டினால் ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, இரண்டரை மடங்கில் ஏழரை. உங்கள் எண்ணை எட்டவைக்க எவ்வளவு தூரம் இழுக்கவேண்டுமோ, அவ்வளவு தூரம் இழுப்பதே ஆபத்து. நான் இரண்டரை மடங்குக்கு மேல் யாரையும் இழுக்க விட்டதில்லை. தரையில் சுண்ணாம்புக்கோடு போட்டு வைத்திருந்தேன், கோடு இன்னும் இருக்கிறது.

இப்போது மே 9, வெள்ளிக்கிழமை. அக்னி நட்சத்திரம் தொடங்கி ஐந்தாறு நாள். விடியற்காலையிலேயே புழுக்கம். 43 வயதுப் பெண் ஒருவர் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, ஜன்னல் கம்பியில் மாட்டிய சிவப்புக் குழாயை வயிற்றை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தார். எட்டாவது தடவை, சுண்ணாம்புக்கோட்டுக்கு உள்ளேயே. பட்டென்று ஒரு சத்தம். ஜன்னல் பக்கத்து முனை அறுந்து நேராக அவர் முகத்துக்கு வந்தது. இடது கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பில் அடி. "ஒண்ணுமில்ல டீச்சர், லேசாத்தான் பட்டுட்டு" என்று என்னைத்தான் அவர் தேற்றினார். சேலை முந்தானை நனைந்திருந்தது. ஆட்டோ பிடித்துப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். மூன்று தையல். கண்ணைச் சோதித்துப் பார்வைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. விரற்கடை மேலே பட்டிருந்தால் அந்தக் கண் போயிருக்கும். கண்ணும் விரலும்தான் பீடி சுற்றும் பெண்ணுக்குப் பிழைப்பு.

வீட்டுக்கு வந்ததும் அறுந்த முனையைப் பார்த்தேன். ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் குழாயை முழுவதும் விரலால் தடவிப் பார்ப்பது என் வழக்கம். ஆனால் முனையில் இரும்புக் கொக்கி சேரும் இடத்தை ஒரு கருப்பு உறை போட்டு மூடியிருக்கிறீர்கள். உறையைக் கத்தியால் கிழித்தேன். உள்ளே ரப்பர் முழுவதும் மயிரிழை மயிரிழையாக வெடித்து, வெளுத்து, கிள்ளினால் உதிர்கிறது. உடனே மற்ற ஒன்பது குழாய்களின் உறையையும் கிழித்துப் பார்த்தேன். நான்கில் அதே வெடிப்பு. அதில் இரண்டு, கடினமானவை என்று நாங்கள் ஒருநாளும் தொடாமல் பையிலேயே வைத்திருந்தவை. பயன்படுத்தாத குழாயைத் தவறாகப் பயன்படுத்தியது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

என் தங்கை வாழ்க்கைப்பட்டது குலசேகரத்தில், ரப்பர் தோட்டத்துக்கு நடுவே. வெயிலும் சூடும் எண்ணெயும் ரப்பரை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதனால் குழாய்களைத் துணிப்பையில் போட்டு, வெயில் படாத அறையில்தான் வைத்திருந்தேன். தேங்காயெண்ணெய்க் கையோடு தொடக் கூடாது என்று சொல்லி, எல்லோரையும் சோப்புப் போட்டுக் கை கழுவவைத்தேன். இவை எதுவும் உங்கள் தாளில் இல்லை. தலைக்கு எண்ணெய் வைக்காமல் யார் இருக்கிறார்கள் எங்கள் ஊரில்?

அப்புறம்தான் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். தயாரித்த மாதம் 12/2024 என்று ஒட்டுத்தாள் இருந்தது. ஓரம் தடித்திருந்ததால் ஈரத்துணி வைத்து உரித்தேன். அடியில் இன்னொரு ஒட்டுத்தாள், அதில் 02/2021. இரண்டு பெட்டியிலும் இப்படியே. உரிக்கும் முன்பும் உரித்த பின்பும் எடுத்த படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். நான்கு வருஷத்துக்கு மேலாக ஏதோ ஒரு கிடங்கில் வெந்துகிடந்த ரப்பரை, புதுத் தேதி ஒட்டி எங்களுக்கு விற்றிருக்கிறீர்கள். அறுந்ததைக்கூட விபத்து என்று பொறுத்திருப்பேன். இதைப் பொறுக்க முடியாது. 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகளின்படி, விலையைக் குறைப்பதற்குத் தவிர, அச்சிட்ட விவரத்தை மாற்றி மேலே ஒட்டுத்தாள் ஒட்டக் கூடாது.

ஒன்றை நியாயமாகச் சொல்லவேண்டும். தொங்கு பட்டைகளின் துணியும் தையலும் நன்றாக இருக்கின்றன. 70 கிலோ எடையை முற்றத்து உத்தரத்தில் தொங்கவிட்டுப் பார்த்தேன், ஒரு நூல் பிரியவில்லை. நல்ல பொருள் செய்யத் தெரிந்தவர்கள்தான் நீங்கள். அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது.

நடந்ததற்குப் பிறகு பதினொரு பேரில் ஆறு பேர்தான் வருகிறார்கள். "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு" என்று வீட்டில் கேட்பவர்களுக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது. காயம்பட்டவர் தையல் பிரித்த மறுவாரமே வந்துவிட்டார். வராமல் போனவர்களில் இரண்டு பேர் கை ஊன்றாமல் எழக் கற்றுக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் வீட்டுக்கு நான் நடையாக நடக்கிறேன். அந்த நஷ்டத்துக்கு உங்களிடம் விலை கேட்க எனக்குத் தெரியவில்லை.

தெரிந்ததைக் கேட்கிறேன். இரண்டு தொகுப்புக்கும் கட்டிய 5,698 ரூபாயை முழுவதும் திருப்பித் தரவேண்டும். "பத்து நாளுக்குள் மட்டுமே திருப்பி அனுப்பலாம்" என்ற உங்கள் நிபந்தனை, உறைக்குள் மறைந்திருந்த பழுதுக்குப் பொருந்தாது. காயம்பட்டவரின் மருந்து, ஆட்டோச் செலவு 1,340 ரூபாயும், அவர் வேலை செய்ய முடியாமல் போன நான்கு நாள் கூலியும் அவர் பெயருக்கே வரவேண்டும். அந்தத் தேதி மாற்றிய சரக்கை வாங்கிய எல்லோருக்கும் உடனே செய்தி அனுப்பிப் பயன்பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் அவசரம். இன்றைக்கும் எங்கேயோ ஒரு வீட்டில் ஒருவர் அதை முகத்துக்கு நேராக இழுத்துக்கொண்டிருப்பார். கதவு எந்தப் பக்கம், எவ்வளவு நீளம், எண்ணெய், வெயில், எத்தனை மாதத்தில் மாற்றவேண்டும் என்பதையெல்லாம் தமிழில் அச்சிட்டுப் பெட்டியில் வையுங்கள். எழுதித் தர ஆள் இல்லையென்றால் நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 84ஆம் பிரிவு, சரியான பயன்பாட்டுக் குறிப்பும் எச்சரிக்கையும் இல்லாத பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளர் பொறுப்பு என்கிறது. இணைய வணிக விதிகளின்படி புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று தெரிவிக்கவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.

பெட்டி இரண்டையும் கட்டி வைத்துவிட்டேன், ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். அறுந்த குழாயையும் உரித்த ஒட்டுத்தாள்களையும் மட்டும் தரமாட்டேன். நேரில் வந்து பார்க்கிறவர் திங்கள் அல்லது வெள்ளி காலையில் வந்தால் நல்லது. பின்கட்டுக் கிணற்றின் பழைய கப்பிக்கு எண்ணெய் போட்டு, புதுக் கயிறு மாட்டி, பத்து லிட்டர் வாளியில் இறைத்து இழுவைப் பயிற்சி செய்துகொண்டிருப்போம். காயம்பட்டவரும் அங்கேயே இருப்பார், அவரிடமும் கேட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பணம் கட்டிய ரசீது நகல், மருத்துவமனைச் சீட்டு நகல், குழாய் மற்றும் ஒட்டுத்தாள் படங்கள்.