இல்லாத பட்டியலைக் காட்டிப் பிடித்த அட்வான்ஸ்: திருப்பித் தரக் கோரிப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: மூன்றாம் மாடி, வலதுபுற வீடு – வாடகை முன்பணத்தில் செய்த பிடித்தம் குறித்து

ஐயா / அம்மையீர்,

வீட்டைக் காலி செய்து, சாவியை உங்கள் அலுவலகத்தில் ஒப்படைத்து இன்றோடு 26 நாள் ஆகிறது. அட்வான்ஸாக நான் கட்டியது இரண்டு மாத வாடகை. அதில் பாதிகூட என் கணக்குக்கு வந்து சேரவில்லை. மீதி எங்கே என்று கேட்டதற்கு ஒரு தாள் அனுப்பினீர்கள். ‘வீட்டு நிலை ஆய்வுப் பட்டியல்’ என்று தலைப்பு. கீழே 17 வரி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு தொகை. ஒன்றுக்குக்கூட ரசீது இல்லை, படம் இல்லை.

அந்தத் தாளைப் பார்த்ததும் கோபத்துக்கு முன்னால் ஆச்சரியம்தான் வந்தது. இப்படி ஒரு பட்டியல் உங்களிடம் இருக்கிறதா? குடிவந்த அன்று நான் கேட்டது இதைத்தானே?

அந்த நாளைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். நான் வாடகைக்கு எடுத்த முதல் வீடு அது. அதுவரை பெற்றோர் வீடு, பிறகு விடுதி. முன்பே வாடகை வீட்டில் இருந்த தோழி ஒருத்தி, “சாவி வாங்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு அறையா நின்னு, என்ன எப்படி இருக்குன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க” என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அதையே உங்கள் ஊழியரிடம் கேட்டேன். அவருக்கு அன்று இன்னும் மூன்று வீடு காட்ட வேண்டியிருந்ததாம். “மேடம், அதெல்லாம் ஃபார்மாலிட்டி. காலி பண்றப்ப நாங்களே பார்த்துக்கறோம்” என்றார். ‘நாங்களே பார்த்துக்கறோம்’ என்பதற்கு இப்படியும் ஒரு பொருள் இருக்கிறது என்பது பன்னிரண்டு மாதம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

ஒப்பந்தத்தில் ‘வீடு நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கிறது, அதன் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. மறுக்கவில்லை. பதினோரு பக்கத்தை நின்றபடியே புரட்டிக் கையெழுத்துப் போட்டது என் தவறு. ஆனால் ‘நல்ல நிலை’ என்றால் என்ன? சமையல் மேடைக் கல்லில் விரிசல் இருந்ததா, இல்லையா? படுக்கையறைச் சுவரில் கறை இருந்ததா, இல்லையா? அந்த ஒரு வரி எதையும் சொல்லவில்லை. வந்தபோது இருந்த நிலையிலிருந்து போகும்போது இருந்த நிலையைக் கழித்தால் வருவதுதான் வாடகைதாரர் தர வேண்டியது. கழித்தலுக்கு இரண்டு எண் வேண்டும். உங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது.

என்னிடம் இன்னொன்று இருக்கிறது. அதையும் நான் சாமர்த்தியமாகத் திட்டமிட்டு எடுக்கவில்லை. சாமான் எதுவும் வருவதற்கு முன்னால், வெறும் வீட்டை அம்மாவுக்குக் காட்டுவதற்காக ஆறு நிமிடம் வீடியோ எடுத்து அனுப்பினேன். எடுத்த நாளும் நேரமும் மூலக்கோப்பிலேயே பதிவாகியிருக்கின்றன. அனுப்பிய நேரம் உரையாடலிலும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அம்மா அனுப்பிய முதல் குரல்பதிவு, “வீடு நல்லாருக்கு கண்ணு. ஆனா அந்தக் கட்டில் போடுற பக்கத்துச் சுவத்துல என்ன அது, ஓதம் அடிச்ச மாதிரி?” என்பதுதான். உங்கள் பட்டியலின் நான்காவது வரி அந்தச் சுவர்தான்.

அந்தச் சுவரிலிருந்தே தொடங்குகிறேன். ‘பூசணம் – வாடகைதாரர் சன்னல் திறக்காமல் காற்றோட்டத்தைத் தடுத்ததால்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அறைக்காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூசணம் பிடிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் காற்றிலுள்ள ஈரத்தால் வரும் பூசணம் குளிர்ந்த இடமாகப் பார்த்து உட்காரும்: வெளிச்சுவரின் மூலை, சன்னல் விளிம்பு, அலமாரிக்குப் பின்புறம். இந்த வீட்டில் அங்கெல்லாம் ஒரு புள்ளிகூட இல்லை. கறை இருப்பது உட்சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு. மேல்விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறைக் குழாய். சன்னலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நானும் சந்தேகத்துக்குச் சோதித்துப் பார்த்தேன். கறை படிந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டேன். ஈரம் அறைக்காற்றிலிருந்து வந்தால் தாளின் வெளிப்பக்கம் நனைய வேண்டும். சுவருக்குள்ளிருந்து வந்தால் உள்பக்கம் வியர்க்கும். உள்பக்கம்தான் வியர்த்தது. படம் எடுத்து, ஆறாவது மாதமே உங்கள் ஆப்பில் புகாராகப் பதிவு செய்தேன். நான்கு நாளில் ‘தீர்க்கப்பட்டது’ என்று அது பச்சை நிறமானது. வீட்டுக்கு யாரும் வரவில்லை. சுவர் அப்படியே இருந்தது. கீழ்வீட்டுக்காரரும் தம் கூரையில் அதே இடத்துக்கு நேர் கீழே கறை என்று சொன்னார். அவரும் சன்னல் திறக்காதவர் என்று எழுதுவீர்களோ, தெரியவில்லை.

அடுத்து, பெரிய தொகை: ‘வீடு முழுவதும் வர்ணம்’. உங்கள் ஒப்பந்தத்திலேயே ‘இயல்பான தேய்மானம் நீங்கலாக’ என்று இருக்கிறது. ஒரு வருடம் ஆள் குடியிருந்தால் சுவர் கொஞ்சம் மங்கும். அதற்குப் பெயர்தான் தேய்மானம். அதற்கும் சேர்த்துத்தான் மாதாமாதம் வாடகை கொடுத்தேன். தவிர, நான் வந்தபோதே அது புது வர்ணம் இல்லை. சுவிட்ச் போர்டுகளைச் சுற்றிக் கைபட்ட கறுப்பு வீடியோவில் தெளிவாகத் தெரிகிறது. வாதத்துக்காக, சுவரைக் கெடுத்தது நான்தான் என்றே வைத்துக்கொள்வோம். வர்ணம் ஐந்து வருடம் தாங்கும், அதில் மூன்று வருடம் ஏற்கெனவே ஓடிவிட்டது என்றால், மீதமிருக்கும் இரண்டு வருடத்துக்கான பங்கைத்தான் கேட்க முடியும். பழைய வர்ணத்துக்குப் பதிலாகப் புது வர்ணத்தின் முழுச்செலவை ஒரு வருடம் இருந்தவளிடம் வாங்கினால், அடுத்து வருபவரின் சுவருக்கும் நான்தான் பணம் கட்டுகிறேன்.

சமையல் மேடைக் கல் விரிசல் வீடியோவின் இரண்டாவது நிமிடத்தில் இருக்கிறது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

குளியலறைக் கதவின் அடிப்பாகம் உப்பியிருக்கிறது என்பது உண்மை. அது வீடியோவில் இல்லை, ஆகவே நான் இருந்த காலத்தில் நடந்தது என்றே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏன் நடந்தது? தரைச் சரிவு வடிகால் பக்கம் போகாமல் கதவுப் பக்கம் வருகிறது. எவ்வளவு தள்ளிவிட்டாலும் நிலைப்படியோரம் தண்ணீர் தேங்கும். மரக்கதவின் அடிவிளிம்பில் வர்ணம்கூட அடிக்கவில்லை. வர்ணம் பூசாத மரம் தண்ணீரைக் குடிக்காமல் என்ன செய்யும்? இதை இரண்டாவது மாதமே ஆப்பில் பதிவு செய்திருக்கிறேன். அதுவும் பச்சையாகிவிட்டது.

நியாயமான இரண்டு வரிகளும் பட்டியலில் இருக்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று சாவி கொடுத்தீர்கள், இரண்டுதான் திருப்பினேன். ஒன்றைத் தொலைத்துவிட்டேன். அதற்கான செலவைப் பிடித்துக்கொள்ளுங்கள். கூடத்தில் நான்கு ஆணி அடித்தேன். ஓட்டைகளை அடைக்கும் கூலியையும் பிடித்துக்கொள்ளுங்கள். நான்கு ஓட்டைக்குத்தான், நான்கு சுவருக்கு அல்ல.

இனி மின்சாரம். இது உங்கள் தாளில் வேறு மாதிரி வந்திருக்கிறது: ‘கடைசி மாத மின்கட்டணம் – பிடித்தம்’. கடைசி மாதத்துக்கு நான் தர வேண்டியதைத் தருகிறேன். ஆனால் நீங்கள் எனக்குத் தர வேண்டியது என்ன ஆயிற்று?

ஐந்தாவது மாதம் ஒன்பது நாள் வெளியூர் போயிருந்தேன். ஃபிரிட்ஜைக் காலி செய்து, எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மீட்டரில் 11 யூனிட் கூடியிருந்தது. பூட்டிய வீட்டில் யார் 11 யூனிட் எரித்தது? வீட்டின் மெயின் சுவிட்சையும் இறக்கிவிட்டு மீட்டருக்கு முன்னால் போய் நின்றேன். அதிலுள்ள சின்னச் சிவப்பு விளக்கு அப்போதும் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஒரு யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்று மீட்டரின் முகத்திலேயே அச்சிட்டிருக்கிறது. நேரம் பார்த்தேன்: 22 விநாடிக்கு ஒரு சிமிட்டல். கணக்குப் போட்டால் சுமார் 51 வாட். ஒன்பது நாள் என்பது 216 மணி நேரம். 51 வாட் அத்தனை மணி நேரம் ஓடினால் சரியாக 11 யூனிட். பள்ளியில் இயற்பியல் படித்தது இதற்காவது உதவியதே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த 51 வாட் என்னவென்று கண்டுபிடித்தவர் நீங்கள் அனுப்பிய எலக்ட்ரீஷியனே. இரவு பகல் அணையாத மாடிப்படி விளக்கும், கட்டடத்தின் கண்காணிப்பு கேமராப் பெட்டியும் என் மீட்டருக்குப் பிறகு, என் மெயினுக்கு முன்னால் இழுத்த ஒயரில் ஓடிக்கொண்டிருந்தன. அதனால்தான் மெயினை இறக்கியும் மீட்டர் நிற்கவில்லை. அவர் இதைச் சொன்னது ஐந்தாவது மாதம். ஒயரை மாற்றியது எட்டாவது மாதக் கடைசியில். மாதத்துக்கு ஏறக்குறைய 37 யூனிட் வீதம் எட்டு மாதத்துக்கு 290 யூனிட்டுக்கு மேல், கட்டடம் முழுவதற்குமான வெளிச்சத்துக்கு நான் ஒருத்தி கட்டணம் கட்டியிருக்கிறேன். எனக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர்களும் கட்டியிருப்பார்கள், அவர்களுக்கு இது தெரிந்திருக்காது. ‘பின்னர் சரிக்கட்டப்படும்’ என்று நீங்கள் அனுப்பிய பதில் மின்னஞ்சலை இணைத்திருக்கிறேன். அந்தப் ‘பின்னர்’ இன்னும் வரவில்லை.

‘ஆழ்ந்த சுத்தம்’ என்று ஒரு வரி. கடைசி இரண்டு நாளும் நானும் அந்தத் தோழியும் முட்டி போட்டுத் தேய்த்தோம். காலி செய்யும்போதும் வீடியோ எடுத்தேன், இந்த முறை அம்மாவுக்காக அல்ல. சாவி வாங்கிக்கொண்ட ஊழியரை, “வாங்க, ஒரு தடவை சேர்ந்து பார்த்துடலாம்” என்று கூப்பிட்டேன். “ஆபீஸ்ல கொடுத்துட்டுப் போங்க மேடம், அப்புறம் பார்த்துக்கறோம்” என்றார். ஆக, வந்தபோதும் என்னோடு நின்று பார்க்கவில்லை, போனபோதும் பார்க்கவில்லை. நான் இல்லாத நேரத்தில், என் கையெழுத்து இல்லாமல் எழுதிய தாள்தான் என் பணத்தைப் பிடித்துக்கொள்ள உங்களுக்கு ஆதாரம்.

மீதமுள்ள வரிகள் சில்லறை: மங்கிய கண்ணாடி, தளர்ந்த கைப்பிடி, ‘இதர’. ‘இதர’ என்றால் என்ன என்று சொன்னால் பதில் சொல்கிறேன்.

நான் கேட்பது இது. சாவி, நான்கு ஆணி ஓட்டை, கடைசி மாத மின்கட்டணம் இவற்றை மட்டும் ரசீதோடு கழித்துக்கொண்டு, மீதி அட்வான்ஸை 14 நாளுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். பொது விளக்குக்காக நான் கட்டிய 290 யூனிட்டுக்கான தொகையை அந்தந்த மாதக் கட்டண விகிதப்படி சேர்த்துக் கொடுங்கள். வேறு எந்த வரியையாவது வைத்துக்கொள்ள விரும்பினால், அந்தப் பொருள் நான் குடிவந்த அன்று எப்படி இருந்தது என்பதற்கு உங்களிடமுள்ள ஆதாரத்தை அனுப்புங்கள். என் வீடியோவோடு சேர்த்து வைத்துப் பார்க்கலாம். கெடு தாண்டினால், இதே கடிதத்தையும் இணைப்புகளையும் வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் அதிகாரியிடம் கொடுப்பேன்.

பதிலைத் தயவுசெய்து எழுத்தில் தாருங்கள். தொலைபேசியில் பேசிய நான்கு முறையும் நான்கு வேறு ஆட்கள்; ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

இன்னொன்று. நேற்று அந்த வீடு ‘புதிதாக வர்ணம் பூசியது’ என்று உங்கள் ஆப்பில் வாடகைக்கு வந்திருப்பதைப் பார்த்தேன். படத்தில் கட்டில் போடும் சுவருக்கு முன்னால் ஓர் அலமாரி நிற்கிறது. நான் இருந்தபோது அங்கே அலமாரி கிடையாது. குழாயைச் சரிசெய்துவிட்டீர்களா, இல்லை சுவரை மறைத்திருக்கிறீர்களா என்பதையும் பதிலில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி வலதுபுற வீட்டின் முன்னாள் வாடகைதாரர்

இணைப்பு: குடிவந்த நாள் வீடியோ, காலி செய்த நாள் வீடியோ, ஆப்பில் பதிந்த மூன்று புகார்களின் படம், மீட்டர் படங்கள், உங்கள் மின்னஞ்சல். அம்மாவின் குரல்பதிவையும் சேர்த்திருக்கிறேன். 11 விநாடிதான், கேட்டுவிடுங்கள்.