மத்தியானச் சாப்பாடு பற்றி அம்மாவுக்கு

ஸ்காபரோ, கனடா,
18.01.2026

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் சுகத்துக்கும் நல்லூரானை வேண்டுகிறேன். கிளி மாமி கொண்டுவந்து தந்த பார்சலில், மிளகாய்த்தூளுக்கும் புழுக்கொடியலுக்கும் நடுவே உங்கள் கடிதம் இருந்தது. வந்து மூன்று கிழமையாகிவிட்டது, பிந்தியதற்குக் கோபிக்க வேண்டாம். போனில் கதைத்தால் உங்களுக்குக் காது கேட்பதில்லை. வீடியோவில் வந்தால் உங்கள் நெற்றியும் சுவர்ப் பல்லியும்தான் எனக்குத் தெரிகின்றன. அதனால் நானும் எழுத உட்கார்ந்துவிட்டேன். தாளில் இன்னும் தூள் மணம் போகவில்லை, வாசிக்கும்போது இரண்டு தரம் தும்மினேன்.

இரண்டு பக்கக் கடிதத்தில் மூன்று இடத்தில் ஒரே கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மத்தியானம் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று. சரி, முதலில் அதற்கே பதில்.

இங்கே சாப்பிடுவதற்கும் சட்டம் இருக்கிறது அம்மா. நான் இருக்கிற இந்த ஒன்ராறியோ மாகாணத்தில் சாப்பாட்டு இடைவேளை இல்லாமல் ஒருவரிடம் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடைவேளை அரை மணி. இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் அந்த ஐந்து மணிக்குள் இரண்டாகப் பிரித்தும் எடுக்கலாம். அந்த நேரத்தில் நம்மிடம் வேலை சொல்லக் கூடாது, ஆனால் அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. தேத்தண்ணி குடிக்கத் தனி இடைவேளை சட்டத்திலேயே கிடையாது. சின்ன மாமாவிடம் சொல்லுங்கள், சங்கக்கடையில் இருந்தபோது பத்து மணிக்கு ஒருக்கால், மூன்று மணிக்கு ஒருக்கால் எழும்பிப் போவாரே, அது இங்கே சரிவராது.

இதுவும் சம்பளத்துக்கு இருப்பவர்களுக்குத்தான். சொந்தக் காரில் பார்சல் கொடுக்கிற பொடியன்களை உண்மையாகவே தனிக் கொந்தராத்துக்காரர் என்று கணக்கெடுத்தால், அவர்களுக்கு இந்த அரை மணியும் இல்லை. நான் கொம்பனி வானில், மணிச் சம்பளத்துக்கு ஓடுகிறேன். எனவே எனக்கு உண்டு.

கையில் ஒரு கருவி தந்திருக்கிறார்கள். அடுத்த வீடு எது என்று அதுதான் சொல்லும். பார்சலை ஸ்கான் பண்ணுவதும், வாசலில் வைத்துப் படம் எடுப்பதும் அதில்தான். சாப்பாட்டுக்கு ஒரு பொத்தானும் இருக்கிறது. அமத்தினால் முப்பதிலிருந்து நிமிடம் இறங்கிக்கொண்டு வரும். வானுக்குள் இருக்கிற பார்சல்தான் இறங்காது. ஒரு நாளைக்கு 160 வீட்டுக்கு மேல் வருகிறது. பிந்தினால் எங்கே நிற்கிறாய் என்று போன் கோல் வரும். பொத்தானை அமத்தாமல் விட்டாலும் அரை மணிச் சம்பளம் வெட்டுப்படும். அதனால் எங்கள் பொடியன்கள் பொத்தானை அமத்திவிட்டு ஓடிக்கொண்டே இருப்பார்கள். கருவிக்குத் தெரிந்த மட்டில் எல்லோரும் நேரத்துக்குச் சாப்பிட்டவர்கள்.

நான் அப்படி இல்லை, இருந்துதான் சாப்பிடுகிறேன். புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு போவேன். ஒரு நாள் மறந்துபோய் வானின் பின்பக்கத்தில் வைத்துவிட்டேன். வெளியே மைனஸ் பதினெட்டு. எடுத்துப் பார்த்தால் புட்டு அப்படியே குழல் வடிவத்தில் இறுகிக் கிடந்தது, கரண்டி போகவில்லை. உடைத்து வாயில் போட்டுச் சூப்பினேன். தேங்காய்ப்பூ பல்லில் மணல் மாதிரி நெருநெருத்தது. இப்போது பிளாஸ்கில் சோறு கொண்டுபோகிறேன், கவலைப்பட வேண்டாம்.

சாப்பாட்டைவிடப் பெரிய பிரச்சினை கழிவறை. 2021இல் அதற்கும் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பார்சல் கொடுக்கப் போகும் கடையிலோ அலுவலகத்திலோ கேட்டால், தகுந்த காரணம் இல்லாமல் மறுக்கக் கூடாது. வீடுகளுக்கு அது கிடையாது, எனக்கு வருவது முக்கால்வாசியும் வீடுகள். நான் தண்ணீர் குறைவாகக் குடிப்பது இதனால்தான், உடம்புக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

ஆகக் குறைந்த சம்பளம் போன ஒக்டோபரில் இருந்து மணிக்கு 17.60 டொலர். அரை மணிக்கு 8.80. ஐந்து நாளைக்கு 44. சும்மா ஒரு கணக்குக்கு எழுதினேன், காசுக்கு ஒரு குறையும் இல்லை. வெட்டினதைத் தொழில் அமைச்சில் முறைப்பாடு கொடுத்துக் கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டுமாம். என் குடிவரவுப் பேப்பர் முதலில் வரட்டும்.

பக்கத்து வீட்டு இத்தாலி அப்புவைப் பற்றி எழுதியிருக்கிறேனா? எண்பது வயது தாண்டிய மனுஷன். வளவில் ஒரு அத்திமரம் வைத்திருக்கிறார். குளிர் தொடங்க முதல் ஒரு பக்க வேரை வெட்டி, மரத்தை மெல்ல மெல்ல நிலத்தோடு சாய்த்து, சாக்குப் போட்டு, பலகை வைத்து, மேலே மண்ணை மூடுகிறார். பிரேதம் புதைத்த மாதிரி இருக்கும். ஏப்ரலில் திரும்பக் கிண்டி நிமிர்த்துவாராம். அது ஓகஸ்டில் காய்க்குமாம், நான் இன்னும் பார்க்கவில்லை.

ஒரு நாள் பின்னேரம் ஆறு மணிக்கு, கீழ் அறையில் இரவு வேலைக்காரர்கள் படுத்திருப்பார்களே என்று காருக்குள் இருந்தே சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். அப்பு வந்து கண்ணாடியில் தட்டி, இது எந்த நேரத்துச் சாப்பாடு என்று கேட்டார். மத்தியானத்தது என்றேன். சத்தம் போடத் தொடங்கிவிட்டார். 1960 மார்ச்சில் இங்கே டொன் ஆற்றுக்குக் கீழே தண்ணீர்க் குழாய்ச் சுரங்கம் தோண்டும்போது ஐந்து இத்தாலிப் பொடியன்கள் செத்துப் போனார்கள். அதற்குப் பிறகுதான் இந்த மாகாணத்தில் வேலைப் பாதுகாப்புச் சட்டங்களை ஒழுங்காக எழுதினார்களாம். அதைச் சொல்லிச் சொல்லி ஏசினார். அவர் ஆங்கிலமும் நொண்டி, என் ஆங்கிலமும் நொண்டி. ஏச்சு மட்டும் நன்றாக விளங்கியது. அப்பா ஏசுவது போலவே இருந்தது.

பொங்கலன்று வியாழக்கிழமை, வேலை. ஒரு மாடிக்கட்டிடத்தில் பதினான்காம் மாடிக்குப் பார்சல். ஒரு கதவுக்கு முன்னால், கம்பளத்தின் மேல் ஒரு மட்டையை வைத்து அதில் கோலம் போட்டிருந்தார்கள். உள்ளேயிருந்து சர்க்கரையும் ஏலக்காயும் நெய்யும் மணந்தன. மணி அடித்தேன், யாரும் திறக்கவில்லை. பெட்டியை வைத்துப் படம் எடுத்தேன். கொம்பனியிடம் இருக்கிற அந்தப் படத்தில் பாதிக் கோலமும் என் சப்பாத்து நுனியும் இருக்கும். நீங்கள் முற்றத்தை மெழுகிவிட்டு, காகம் வந்து கால் வைக்குது பாரடா என்று என்னைக் காவலுக்கு நிறுத்துவது ஞாபகம் வந்தது. பிறகு பொத்தானை அமத்திவிட்டுப் படிக்கட்டில் போய் இருந்தேன். முப்பது நிமிடமும் இருந்தேன். கோல் வந்தது, எடுக்கவில்லை. இந்த வேலைக்கு வந்த பிறகு முழு அரை மணியும் எடுத்தது அன்றைக்குத்தான்.

அது கிடக்கட்டும். வேலி விஷயத்துக்கு வருகிறேன். கிழக்குப் பக்கத்தார் கதியாலைப் பிடுங்கி ஒரு அடி உள்ளே நட்டுவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தானைச் சண்டைக்கு விட வேண்டாம், அவருக்கு பிரஷர். காணி உறுதி அப்பாவின் டிரங்குப் பெட்டியில், ஐயாவின் சாதகக் கொப்பிக்குக் கீழே இருக்கிறது. அதை எடுத்துச் சின்ன மாமாவோடு போய், காணி அளக்கிற சேவையரைக் கூப்பிட்டு அளவுங்கள். அளக்கும்போது அவர்களையும் நிற்கச் சொல்லுங்கள். மாமரக் கொப்பை இப்போது வெட்ட விட வேண்டாம்.

இந்த மாதம் கொஞ்சம் குறைவாகத்தான் அனுப்பியிருக்கிறேன், காருக்குப் பனிக்கால ரயர் போட வேண்டியதாயிற்று. சேவையருக்குக் கொடுக்க அது போதும். கிணற்று மோட்டருக்கு அடுத்த மாதம் அனுப்புகிறேன், அதுவரை அக்காவை இரவில் தண்ணீர் அள்ள விட வேண்டாம். தங்கச்சியின் ரியூஷன் காசு எவ்வளவு என்று சரியாக எழுதச் சொல்லுங்கள், போன தரம் கூட்டி எழுதியிருந்தாள், எனக்குத் தெரியும். கிளி மாமி மாசி கடைசியில் திரும்ப வருகிறாவாம். அவவிடம் கொஞ்சம் ஒடியல் மாவும் புழுக்கொடியலும் கொடுத்துவிடுங்கள். புழுக்கொடியல் முடிந்துவிட்டது, வானில் ஓடும்போது கடிக்க அதுதான் வசதி.

இப்படிக்கு,
உங்கள் மகன்