அந்த வயிற்றுக்குத் தலை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் 22 வருடமாக ரவிக்கை தைக்கிறேன். கடையில் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறோம். படித்து முடித்த தாளில்தான் பேப்பர் கட்டிங் போடுவேன் என்பதால் ஒவ்வொரு பக்கமும் என் கண்ணில் இரண்டு தடவை படும். போன ஞாயிறு இணைப்பிதழில் உடல் பருமன் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள், அதன் நடுவே பெரிதாக ஒரு படம், ஒரு பெண்ணின் வயிறு, அதைச் சுற்றி இறுக்கிய இஞ்ச் டேப், கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை அந்தத் தாளை விரித்து ஒரு முதுகுப் பாகம் வரைய உட்கார்ந்தபோது முதலில் எனக்கு வந்தது தொழில் கோபம்தான். டேப்பை அப்படிச் சதை பிதுங்க இழுத்தால் அளவு தப்பும், நேற்று வேலைக்கு வந்த பெண்கூட அப்படிப் பிடிக்க மாட்டாள். அப்புறம்தான் தலை இல்லாதது உறைத்தது.

அந்தப் பெண் யாரென்று தெரியக் கூடாது என்றுதான் முகத்தை வெட்டினோம் என்பீர்கள். சரி. ஆனால் அதே பக்கத்தின் ஓரத்தில் பாய் விரித்து யோகா செய்கிற ஒல்லியான பெண்ணுக்கு முகம் இருக்கிறது, சிரிப்புகூட இருக்கிறதே? குண்டாக இருப்பவள் வெறும் வயிறு, ஒல்லியாக இருப்பவள் ஆள், அப்படித்தானே ஆகிறது. அந்த வயிற்றுக்காரி இந்தப் பேப்பரை எங்கேயாவது பார்த்துத் தன்னை அடையாளம் கண்டுகொண்டிருப்பாளோ என்று அன்று முழுக்க எனக்கு அதே யோசனை. தன் வயிறு யாருக்குத் தெரியாது?

கட்டுரையில் வடசென்னைக்கென்றே ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார் எழுதியவர். பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ, புளியந்தோப்பு பீஃப் பிரியாணி, ராயபுரத்து பஜ்ஜி, காசிமேட்டு மீன் வறுவல் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, நாங்கள் எண்ணெயிலேயே மிதக்கிற ஜனம் என்கிற மாதிரி முடித்திருந்தார். தாளைத் திருப்பினால் பின்பக்கத்தில் சவுகார்பேட்டைக்குப் போய் என்னவெல்லாம் சாப்பிடலாம் என்று வண்ணப்படங்களோடு இன்னொரு கட்டுரை. கச்சோரி, நெய் சொட்டும் ஜிலேபி, முறுக்கு சாண்ட்விச், ஏடு மிதக்கும் பாதாம் பால். அங்கே எல்லாம் நாவூறுகிறது, ஒருத்தர் வயிற்றையும் அளக்கவில்லை. சவுகார்பேட்டையும் வடசென்னைதான் சார், என் கடையிலிருந்து ஆட்டோ பிடித்தால் பத்து நிமிடம்கூட ஆகாது. நானும் அந்த ஜிலேபியை ஆசையாகத் தின்கிறவள்தான், அதை ஒரு குறையும் சொல்லவில்லை. ஒரே தாளின் இந்தப் பக்கம் எண்ணெய் நோயாகவும் அந்தப் பக்கம் சுவையாகவும் இருப்பது எப்படி என்றுதான் கேட்கிறேன். எந்தக் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் தட்டுக்கு மார்க் போடுகிறோம், பீஃப் என்றால் கேட்கவே வேண்டாம், குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேச்சே ஆரம்பிக்கும்.

அத்தோவைப் பற்றி ஒரு வார்த்தை. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்த பிறகு, கடையையும் வீட்டையும் விட்டுவிட்டு வந்த நம் ஜனங்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. நூடுல்ஸோடு கோஸ், புளித்தண்ணீர், வறுத்த வெங்காயம் எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து தருவார்கள், கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். கட்டுரையாளர் அந்த வாழைத்தண்டை எப்படி விட்டார் என்று தெரியவில்லை. உடம்பு குறைய வாழைத்தண்டு சாப்பிடுங்கள் என்று அவரே கீழே பெட்டிச் செய்தியில் எழுதியிருக்கிறார்.

உடம்பு பெருத்தால் ஒரு கெடுதலும் இல்லை என்று சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. எனக்கு வயது 46, உயரம் 155 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் அந்த பி.எம்.ஐ. கணக்கில் எனக்கு 30-க்கு மேல் வருகிறது. நம் ஆட்களுக்கு 23-ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்கிறார்கள், அப்படிப் பார்த்தால் நான் 55 கிலோதான் இருக்க வேண்டும், கடைசியாக அந்த எடையில் இருந்தபோது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. மூன்று மாதச் சர்க்கரை 6.1, அதாவது எல்லைக்கோடு. இதெல்லாம் எனக்குத் தெரியும், ஃபைல் போட்டு வைத்திருக்கிறேன். ராத்திரி சோற்றைக் குறைத்தேன், வாரத்தில் நான்கு நாள் ராபின்சன் பூங்காவில் நடக்கிறேன் (1949-ல் தி.மு.க. தொடங்கிய அதே பூங்காதான்), ஏனென்றால் எங்கள் பக்கத்துப் பெரிய ரோட்டில் கன்டெய்னர் லாரிக்கு நடுவே நடந்தால் சர்க்கரைக்கு முன்னாடி வேறு எதுவோ நம்மை முடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மீனை மட்டும் விட மாட்டேன். நெத்திலி, சங்கரா, கிடைத்தால் சுறா, அதைப் புட்டு செய்துவிடுவேன். மறுநாள் காலை முந்தின நாள் மீன் குழம்போடு இட்லி. என்ன விடுவது, என்ன வைத்துக்கொள்வது என்பது என் கணக்கு, அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும், மாடி வீட்டு அத்தை சொல்ல வேண்டியதில்லை.

நான் எப்போது பெருத்தேன் என்று எனக்குத் தெரியும். மிஷினுக்கு மோட்டார் மாட்டிய பிறகு. அதற்கு முன்னே காலையிலிருந்து ராத்திரிவரை காலால் மிதித்துத்தான் தைத்தேன், அப்போதும் இதே பஜ்ஜி, இதே மீன். மோட்டார் வந்ததும் முழங்கால் வலி குறைந்தது, ஒரு நாளைக்கு நாலு ரவிக்கை அதிகம் தைத்தேன், இரண்டு பிள்ளைகளும் காலேஜ் முடித்தார்கள், இடுப்பு ஆறு இஞ்ச் கூடியது. இதில் எதைத் தப்பு என்று சொல்வது?

இந்த பி.எம்.ஐ. எங்கிருந்து வந்தது என்று என் மகள் தேடிப் பார்த்துச் சொன்னாள். கெட்லே என்று பெல்ஜியத்தில் ஒரு கணித ஆள், வானியலும் பார்த்தவராம், 1830-களில் ஜனக்கூட்டத்தின் சராசரி உடம்பு எப்படியிருக்கும் என்று கணக்குப் போட உண்டாக்கியது, பி.எம்.ஐ. என்ற பெயரே 1972-ல்தான் வந்தது. கூட்டத்துக்குப் போட்ட கணக்கு. துறைமுகத்தில் மூட்டை தூக்கியே உடம்பு இறுகிப்போன ஆளையும் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவரையும் அது ஒரே தராசில் போடுகிறது. அதற்கு இடுப்புச் சுற்றளவு பரவாயில்லை, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 என்று உங்கள் கட்டுரையிலும் இருந்தது. ஆனால் எங்கே அளப்பது என்று ஒரு வரி போடவில்லையே? கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் அளக்க வேண்டும், மூச்சை விட்டுவிட்டு. நம் பெண்கள் புடவை கட்டுகிற இடத்தில் டேப் போட்டுவிட்டு வேறு ஏதோ ஒரு நம்பரைப் பார்த்துப் பயந்துபோவார்கள். 80 என்பது என் டேப்பில் முப்பத்தொன்றரை இஞ்ச், நான் அளந்த பெண்களில் பாதிப் பேர் அதைத் தாண்டியவர்கள்.

ஒரு விஷயத்தை வெட்கப்படாமல் எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும். மூன்று வருடம் முன்பு எனக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், மிஷினில் உட்கார்ந்தபடியே தூக்கம் சொக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், பிரியாணியை நிறுத்தும்மா, எல்லாம் சரியாகிவிடும் என்றார், நாடிகூடப் பார்க்கவில்லை. நான் மாசத்துக்கு ஒரு தடவை பிரியாணி சாப்பிட்டால் அதிகம். வெளியே வந்தபோது காத்திருந்தவர்கள் எல்லோரும் அதைக் கேட்டிருப்பார்கள் என்று கூச்சமாக இருந்தது, எட்டு மாதம் எந்த டாக்டரிடமும் போகவில்லை. கடைசியில் கடையிலேயே மயங்கி விழுந்து, வேறோர் இடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 7.4. கர்ப்பப்பையில் கட்டி, மாதவிலக்கில் போய்க்கொண்டிருந்த ரத்தம்தான் காரணம். குண்டாக இருக்கிறவளுக்கு ரத்தம் குறையும் என்று அந்த முதல் டாக்டருக்குத் தோன்றவே இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் அதிக எடை என்று உங்கள் கட்டுரை கொட்டை எழுத்தில் போட்டது. அதே கணக்கெடுப்பில் நம் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்றும் இருக்கிறது, அது கட்டுரையில் இல்லை. கண்ணுக்குத் தெரிகிறதை மட்டும்தான் எல்லோரும் பார்க்கிறார்கள்.

இளைத்தவர்களைப் பாராட்டுகிற பழக்கம் இருக்கிறதே, அது இதைவிட மோசம். என் வாடிக்கையாளர் ஒரு அம்மா, நான்கு மாதத்தில் அவருக்கு எல்லா ரவிக்கையும் பிடிக்க வேண்டி வந்தது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் ஸ்லிம்மாயிட்டீங்களே, என்ன சாப்பிடுறீங்க என்று கேட்கக் கேட்க அந்த அம்மாவுக்கும் ஒரே சந்தோஷம். சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. டிபி-யிலும் அப்படித்தான் உடம்பு உருகும். அதனால் யாராவது திடீரென்று இளைத்து வந்தால் நான் பாராட்டுவதில்லை, தண்ணி நிறையக் குடிக்கிறியா, ராத்திரி இருமல் இருக்கா என்றுதான் முதலில் கேட்பேன். அதிகப்பிரசங்கி என்று நினைத்துக்கொள்ளட்டும்.

நம் வீடுகளில் நடப்பது தனிக் கூத்து. கல்யாணப் பந்தியில் வேண்டாம் வேண்டாம் என்று கையால் இலையை மறைத்தாலும் இன்னொரு ஜாங்கிரியைத் தள்ளுவார்கள், சாப்பிடவில்லை என்றால் மரியாதைக் குறைவு. அதே சித்தி கை கழுவுகிற இடத்தில் நின்று, என்னடி இப்படி ஊதிட்டே என்பாள். ஒல்லியாக இருந்தால் வீட்டில் சோறு போடலையா என்பாள். எந்த அளவில் இருந்தால் இவர்கள் வாய் மூடும் என்று 22 வருடமாக டேப்பை வைத்துக்கொண்டு தேடுகிறேன், அப்படி ஓர் இஞ்ச் கிடைக்கவில்லை. அப்புறம் இந்த அறிவுரைகள், தேனும் வெந்நீரும், கொழுத்தவனுக்குக் கொள்ளு. கொள்ளு ரசம் நானும் வைக்கிறேன், ருசியாக இருக்கிறது என்பதற்காக.

இவ்வளவு பேசுகிற நானும் யோக்கியம் இல்லை. ஏழெட்டு வருடம் முன்பு பத்தாவது படிக்கிற பெண் ஒருத்தி பாவாடை தாவணிக்கு அளவு கொடுக்க அம்மாவோடு வந்தாள். அப்போதெல்லாம் நான் அளவைச் சத்தமாகச் சொல்வேன், உதவிக்கு இருக்கிற பெண் நோட்டில் எழுதுவாள். நம்பரைச் சொல்லிவிட்டு, போன தடவைக்கு மூணு இஞ்ச் கூடிட்டே கண்ணு, கொஞ்சம் வாயைக் கட்டு என்றேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அவள் அம்மாவும் சிரித்தார், நானும்தான். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. அம்மா மட்டும் அளவு ரவிக்கையைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறார், அவளுக்கு டேப்பைக் கண்டாலே பிடிக்காதாம் என்று ஒருநாள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அளவை வாய்விட்டுச் சொல்வதில்லை, நானே எழுதிக்கொள்கிறேன். யாராவது குண்டாயிட்டேன்க்கா என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி நின்றால், உள்ளே ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச் துணி விட்டுத்தான் தைத்திருக்கிறேன், பிரித்தால் போதும் என்பேன்.

பொங்கல் முடிந்ததும் இதே மாதிரி இன்னொரு கட்டுரை எப்படியும் போடுவீர்கள். படம் வேண்டுமென்றால் கடைக்கு ஆளை அனுப்புங்கள், நானே நிற்கிறேன், 74 கிலோ, முகத்தோடு. டேப்பை எப்படிப் பிடிப்பது என்றும் காட்டிக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வேண்டாம், காசிமேட்டுக்குப் போயிருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை