பதில் போடாமல் போவதுதான் துரோகம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கணினி விளையாட்டால் பிள்ளைகளுக்கு மரியாதை மறந்துபோகிறது என்று போன வாரம் கடிதப் பகுதியில் ஒரு வாசகி வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அவர் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் பத்து வருடமாக மெயிலிலேயே ஒரு யுத்த விளையாட்டு ஆடிவருகிறவன் என்ற முறையில் நானும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லிடைக்குறிச்சியில் எனக்கு அப்பள வியாபாரம். வெயில் தாழ்ந்து அப்பளத்தை எடுத்து அடுக்கிய பிறகுதான் என் யுத்தம் ஆரம்பிக்கும்.

இந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் பம்பாயில் இருந்த சிநேகிதரோடு 15 பைசா கார்டில் சதுரங்கம் ஆடியவர். ஒவ்வொரு கார்டிலும் முதலில், உங்கள் கார்டு இன்ன தேதி கிடைத்தது என்று இருக்கும். அப்புறம் சிநேகிதரின் நகர்வைத் திருப்பி எழுதி, அதன்கீழ் தன் நகர்வை எழுதுவார். இரண்டு ஊர்ப் பலகையும் ஒன்றுபோல இருக்க வேண்டுமே, அதற்குத்தான். ஒரு தடவை அப்பா டைபாய்டில் மூன்று வாரம் படுத்துவிட்டார். காய் எப்படி நகரும் என்றே தெரியாத அம்மா, ‘அவருக்குக் காய்ச்சல், எழுந்ததும் ஆடுவார்’ என்று தானே ஒரு கார்டு எழுதிப் போட்டார். அந்த ஒரு வரியை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

நாங்கள் ஆடுவது டிப்ளமசி. ஆலன் கல்ஹாமர் என்ற அமெரிக்கர் 1959இல் வெளியிட்ட ஆட்டம். அவர் பிற்பாடு தபால்காரராக வேலை பார்த்தவர் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். 1963லிருந்தே அதைத் தபாலில் ஆடியிருக்கிறார்கள், மெயில் வந்த பிறகு மெயிலில். 1901ஆம் வருட ஐரோப்பா. ஏழு பேருக்கு ஏழு நாடு. வரைபடத்தில் சப்ளை சென்டர் என்கிற முக்கிய இடங்கள் 34, அதில் 18 பிடித்தவருக்கு வெற்றி. தாயம் கிடையாது, சீட்டு கிடையாது. எதிரெதிரே இரண்டு படை சமபலத்தில் மோதினால் இரண்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். இன்னொரு படை துணை வந்தால்தான் நகர முடியும். அந்தத் துணை பெரும்பாலும் பக்கத்து நாட்டுக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டியது. ஆகவே வாரம் பூராவும் ஆளுக்கு ஆள் ரகசியமாகக் கடிதம் எழுதுவோம். ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக் கெடுவுக்குள் எல்லோரும் ஆணைகளை நடுவருக்கு அனுப்பிவிட வேண்டும். எங்கள் நடுவர் அம்பாசமுத்திரத்தில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஏழு பேர் ஆணையையும் ஒரே சமயத்தில் பிரித்து, யார் படை எங்கே போனது என்று எழுதி அனுப்புவார்.

இதில் பொய் சொல்லலாம். ஆட்டத்துக்குள் சொல்லும் பொய் ஆட்டத்தின் பகுதி, அதில் எனக்குக் கூச்சமே இல்லை. ஒரு ஆட்டத்தில் நான் இத்தாலி, அக்கா மகன் ஆஸ்திரியா. வெனிசும் ட்ரியெஸ்டேயும் ஒட்டி ஒட்டி இருக்கிற ஊர்கள். ஒருவரையொருவர் தொடுவதில்லை என்று இரண்டு வருடம், அதாவது ஆட்டத்து வருடம், நடந்துகொண்டோம். அவன் என்னை நம்பிப் படையெல்லாம் கிழக்கே அனுப்பினான். 1903 இலையுதிர்காலத்தில் நான் ட்ரியெஸ்டேக்குள் புகுந்துவிட்டேன். ‘சொந்த மருமகனையே முதுகில் குத்திட்டியேடா’ என்று அக்கா போனில் சத்தம் போட்டாள். ஆனால் அவனிடமிருந்து அன்று ராத்திரியே பதில் வந்தது. ‘மாமா, நல்ல அடி. இனி துருக்கியோடு சேர்ந்து உங்களை வெளியேற்றப் பார்ப்பேன்.’ கடைசி வரை அதையே செய்தான், வாரம் தவறாமல் எனக்கும் எழுதினான். ஆட்டம் முடிந்ததும் எங்களில் ஒவ்வொருவரும் எங்கே என்ன நினைத்தோம், யாரிடம் என்ன மறைத்தோம் என்று எல்லோருக்கும் ஒரு நீண்ட கடிதம் எழுதுவது வழக்கம். அவன் கடிதத்தைப் படித்தபோதுதான், நான் வருவேன் என்று இரண்டு வாரம் முன்பே அவன் சந்தேகப்பட்டிருந்தது தெரிந்தது. ‘இருந்தாலும் கேட்டால் மாமா மனம் வருந்தும் என்று விட்டுவிட்டேன்’ என்று எழுதியிருந்தான்.

என்னை உண்மையாக வருத்தியது வேறொருவர். பெயர் வேண்டாம். அவருக்கு பிரான்ஸ். ஆட்டத்தில் பாரிஸ் கைவிட்டுப் போனதும் எழுதுவதை நிறுத்திவிட்டார். ஆணை வரவில்லை என்றால் அந்த நாட்டுப் படைகள் நின்ற இடத்தில் மரம்போல நிற்கும். ஜெர்மனி சும்மா நடந்துபோய் எடுத்துக்கொண்டது. பிரான்சை நம்பியிருந்த இங்கிலாந்தும் அதோடு சரிந்தது. ஐந்து மாத ஆட்டம் பாழ், ஜெயித்தவருக்கே ஜெயித்த மாதிரி இல்லை. ‘என்னால் முடியவில்லை, வேறு ஆள் பாருங்கள்’ என்று அவர் ஒரு வரி எழுதியிருந்தால் போதும், மாற்று ஆளை வாத்தியார் உட்காரவைத்திருப்பார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது. அப்போது துருக்கி ஆடியவன் ஏரல் பக்கத்துத் தம்பி, வீட்டில் வாழை விவசாயம். 17ஆம் தேதி ஞாயிறு. ஒன்பது மணிக்கு அவன் ஆணை வரவில்லை. நான் ரஷ்யா. கருங்கடலில் என் கப்பல், அர்மீனியாவில் என் படை. அவன் ஆணை இல்லாமல் வாத்தியார் முடிவை அறிவித்திருந்தால் அங்காரா எனக்குத்தான். அந்தப் பக்கம் கரண்ட்டும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை என்று மறுநாள் தெரிந்ததும், கெடுவைத் தள்ளிவைக்கச் சொல்லி வாத்தியாருக்கு எழுதினேன். எனக்கு முன்பே இரண்டு பேர் அதையே எழுதியிருந்தார்கள். மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். யாரோ ஒருவர் போனை வாங்கி ஐந்தாம் நாள் அந்தத் தம்பி அனுப்பிய மெயிலில் முதல் வரி, ‘கெடு தவறியதற்கு எல்லோரும் மன்னிக்கணும்.’ வாழை பூராவும் தண்ணீரில் போன செய்தி அதற்கு அடுத்த வரியில்தான் இருந்தது. இரண்டு நாள் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அவன் திரும்பி வந்து ஆடி, தை மாதம் என் கப்பலைக் கருங்கடலை விட்டே துரத்தினான்.

எங்களுக்குள் வேறு சில கட்டுப்பாடுகளும் உண்டு. ஒருவர் எழுதிய கடிதத்தை அப்படியே இன்னொருவருக்கு அனுப்பிக் காட்டக் கூடாது. சில குழுக்களில் அதுவும் தந்திரம்தான் என்பார்கள், எனக்கு ஒப்பவில்லை. போன ஆட்டத்துக் கோபத்தை இந்த ஆட்டத்துக்குக் கொண்டுவரக் கூடாது. மருமகனும் அவன் கூட்டாளிகளும் சிவிலைசேஷன் என்ற கணினி விளையாட்டையும் இப்படித்தான் மெயிலில் ஆடுகிறார்கள். ஒருவர் தன் முறையை முடித்து, ஆட்டத்தைச் சேமித்த ஃபைலை அடுத்தவருக்கு மெயிலில் அனுப்ப வேண்டும். சண்டையில் தோற்றால் ஃபைலை மறுபடி திறந்து ஆடிப் பார்க்க வழி இருக்கிறது. யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர்கள் அதைச் செய்வதில்லை.

அந்த வாசகிக்கு என் வேண்டுகோள் இது. கோடை விடுமுறையில் தெருப்பிள்ளைகள் ஏழு பேரைச் சேர்த்து இந்த ஆட்டத்தை ஆடவிட்டுப் பாருங்கள். வந்த கடிதத்துக்கெல்லாம், மாட்டேன் என்று சொல்வதற்காகவாவது, பதில் எழுத வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆசிரியர் அவர்களே, உங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு வரைபடம் போட்டு மாவட்டத்துப் பள்ளிகளை ஆடவைத்தால் இன்னும் நல்லது. நடுவராக இருக்க வாத்தியார் தயார், கேட்டுவிட்டேன்.

எங்கள் அடுத்த ஆட்டத்துக்கு நேற்றுதான் சீட்டுக் குலுக்கினோம். எனக்கு மறுபடியும் இத்தாலி, ஏரல் தம்பிக்கு ஆஸ்திரியா. வெனிசையும் ட்ரியெஸ்டேயையும் தொடாமல் இருப்போமா என்று கேட்டு ராத்திரியே எழுதிவிட்டான். இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து அவனுக்குப் பதில் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
அப்பள வியாபாரி ஒருவர்,
கல்லிடைக்குறிச்சி.