பட்டாவில் இருக்கும் பெயர் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் குடியேறிய பெண்கள் எழுதிய கடிதங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நன்றாகவே இருந்தது. ஆனால் நில அளவைத் துறையில் 31 வருடம் சர்வேயராகக் காலம் தள்ளியவனுக்கு ஓரிடத்தில் இடறியது. வயோமிங்கில் தனியொருத்தியாக அரசு நிலம் எடுத்து, பாடுபட்டு, அதைத் தன் பெயருக்கே முடித்துக்கொண்டவர் என்று எலினோர் ப்ரூயிட் ஸ்டூவர்ட்டைக் கட்டுரையாளர் சொல்கிறார். அவருடைய கடிதங்களை மட்டும் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நில ஆவணம் வேறு சொல்கிறது.

டென்வரில் துணி வெளுத்துப் பிழைத்தவர் எலினோர். 1909இல் கைக்குழந்தையைவிடச் சற்றே பெரிய மகளுடன் வயோமிங்கின் பர்ன்ட் ஃபோர்க்குக்கு வந்து, க்ளைட் ஸ்டூவர்ட் என்பவரின் பண்ணையில் வீட்டு வேலைக்குச் சேர்ந்தார். அந்த மே மாதமே பண்ணையை ஒட்டிய நிலத்துக்கு மனுப் போட்டார். மனுப் போட்ட ஒரு வாரத்தில் முதலாளிக்கும் அவருக்கும் கல்யாணம். டென்வரில் இருந்த பழைய எஜமானியம்மாவுக்கு நிலம் எடுத்ததை உற்சாகமாக எழுதியவர், கல்யாணச் சேதியை மட்டும் வெகுநாள் கழித்துத்தான் எழுதினார். அந்தக் கடிதங்கள்தான் பிறகு ‘அட்லாண்டிக்’ மாத இதழில் வந்து பெயர் வாங்கின.

குடியேறிகளுக்கு அரசு நிலம் கொடுத்த ஹோம்ஸ்டெட் சட்டப்படி, எடுத்த நிலத்திலேயே குடியிருந்து பயிர் செய்தாக வேண்டியிருந்தது. கணவன் ஒரு நிலத்திலும் மனைவி இன்னொரு நிலத்திலும் குடியிருப்பதாகக் கணக்குக் காட்ட முடியாமல் இருந்தது. 1912இல் எலினோர் தன் உரிமையை விட்டுக்கொடுத்தார். அதே நிலத்துக்கு மாமியார் ரூத் ஸ்டூவர்ட் மனுப் போட்டு, தன் பெயரில் பட்டா வாங்கினார். இதில் வேடிக்கை என்னவென்றால், ஏழைப் பெண்கள் நிலம் எடுக்க வர வேண்டும், துணி வெளுப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்று எலினோர் எழுதிய கடிதம் 1913 ஜனவரியில் எழுதியது. நிலம் அப்போது அவர் கையில் இல்லை!

அவரைப் பொய்க்காரி என்று நான் சொல்லவில்லை. குதிரை பூட்டிப் புல் அறுத்தது அவர் கைதான். எங்கள் பக்கத்தில் உழுகிறவர் ஒருவர், பட்டாதாரர் இன்னொருவர் என்று எத்தனை புலம் பார்த்திருப்பேன். அதனால் அவர் உழைப்பின் மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. நிலம் யார் பெயருக்கு முடிந்தது என்பதைக் கடிதத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது, அவ்வளவுதான்.

சரி, இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? மகள் நெப்ராஸ்காவில் இருந்தபோது ஆறு மாதம் போய்த் தங்கினேன். பியாட்ரிஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் அந்த ஹோம்ஸ்டெட் சட்டத்துக்கென்றே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் அது. 160 ஏக்கர், ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் சொந்தம், கட்டணமெல்லாம் சேர்த்து சுமார் 18 டாலர். சுமார் 16 லட்சம் பேருக்கு அப்படி நிலம் முடிந்திருக்கிறது. அந்தப் பட்டாவுக்கு அங்கே ‘பேட்டன்ட்’ என்று பெயர். நான் முதலில் ஏதோ கண்டுபிடிப்புக்குக் கொடுப்பது என்று நினைத்துவிட்டேன். நிலத்தை அளந்தது நாங்கள் சர்வே வேலையில் பிடித்த அதே 66 அடி கன்டர் சங்கிலியால்தான் என்று தெரிந்ததும் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கு அதில் பெரிய சுவாரஸ்யம் இல்லை.

வாஷிங்டன் ஆவணக் காப்பகத்தில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு கோப்பு இருக்கிறது. கடைசியில் இருப்பது குடியிருப்பு நிரூபணம்: வீடு எத்தனை அடி, எத்தனை ஏக்கர் உழுதீர்கள், கிணறு உண்டா, குடும்பத்தில் எத்தனை பேர், இடையில் ஊரைவிட்டுப் போனதுண்டா என்று கேள்விகள். அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். 1879க்குப் பிறகு இதை முன்கூட்டியே உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்பாகவும் போட வேண்டும் என்று ஆனது. அந்த அறிவிப்புக் காசை நம்பியே பல சிற்றூர்ப் பத்திரிகைகள் ஓடினவாம். ஆசிரியரான உங்களுக்கு இது பிடிக்கும்!

கோப்பில் இல்லாதது கடிதத்தில் இருப்பதும் உண்டு. யூரையா ஆப்ளிங்கர் என்ற குடியேறி 1872இல் மனைவி மேட்டியையும் மகளையும் இண்டியானாவில் விட்டுவிட்டு நெப்ராஸ்காவுக்கு நிலம் தேடிப் போனார். பிரிந்திருந்ததால்தான் நமக்குக் கடிதங்கள் கிடைத்தன. அடுத்த வருடம் மேட்டி வந்து சேர்ந்து, புல்வேரோடு மண்ணைக் கட்டிகளாக வெட்டி அடுக்கிய வீட்டிலிருந்து தன் பிறந்த வீட்டாருக்கு எழுதத் தொடங்கினார். 1880இல் பிரசவத்தில் இறந்துபோனார். ‘குடும்பத்தில் எத்தனை பேர்’ என்ற கட்டத்தில் நிரப்பும் எண்ணில் இதெல்லாம் எங்கே அடங்கும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டுரையில் ‘யாருக்கும் சொந்தமில்லாத புல்வெளி’ என்று ஒரு வரி வருகிறது. அதை எடுத்துவிடலாம். நான் பார்த்த பியாட்ரிஸ் பகுதி ஓட்டோ–மிசூரியா என்ற பூர்வகுடி மக்களுடையது. அமெரிக்க அரசோடு செய்த 1854 ஒப்பந்தத்தில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து, தங்களுக்கென்று ஒதுக்கிய சிறு நிலப்பகுதியில் இருந்தவர்களை 1881இல் இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்தமும் நில ஆவணம்தான். குடியேறிகளின் பட்டாக்களெல்லாம் அதற்குப் பிறகு எழுதியவை.

கட்டுரையாளர் இதைத் தொடராக எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறார். பட்டாக்களின் படங்களை அமெரிக்க அரசே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மாநிலத்தையும் பெயரையும் போட்டால் வந்துவிடும். கடிதத்தில் ஒரு பெயர் வரும்போதெல்லாம் அதையும் ஒருமுறை தேடிப் பார்க்கட்டும். அப்புறம், அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போட இடமிருந்தால், பட்டாதாரர் பெயர்: ரூத் ஸ்டூவர்ட்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையர்,
மன்னார்குடி.